காட்டுப் பாதையில் சக்கர நாற்காலி எங்கே நின்றுபோகிறது?

கேள்வி இதுதான்: ஒரு காப்புக்காட்டின் நடைபாதைக்கு ‘சக்கர நாற்காலி செல்லும்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை நம்பிப் போகிறவர்களில் சிலர் முழுச் சுற்றும் போய் வருகிறார்கள், சிலர் அரைக் கிலோமீட்டரிலேயே திரும்பிவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? பாதையைப் பராமரிப்பவர்கள் எதைச் சரிசெய்ய வேண்டும்?

அந்தப் பலகையை மறந்துவிடுங்கள். இந்தப் பாதையிலேயே மோசமான ஒரு மீட்டர் எது, அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று கிலோமீட்டர் மேசைபோல் மட்டமாக இருந்து, நடுவில் ஓர் இடத்தில் வேர் புடைத்திருந்தால் அந்தப் பாதை அந்த வேர்வரைதான். நடந்து போகிறவர் அந்த வேரைப் பார்த்திருக்கவே மாட்டார், கால் தானாகத் தாண்டியிருக்கும். பாதையைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் நடப்பவர்கள் என்பதால்தான் ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற பதில் வருகிறது. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

அளவுகள் விஷயத்தில் கைக்கு எட்டும் தெளிவான ஆவணம், மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான அளவுகளை வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான அணுகல் வாரியம் 2013இல் வெளியிட்ட வெளிப்புறப் பகுதிகளுக்கான விதிகள். அந்நாட்டு வனத்துறையின் பாதை வழிகாட்டியும் ஏறக்குறைய அதே எண்களைத்தான் சொல்கிறது. சட்டமாக அது அங்கே கூட்டரசு நிலங்களுக்கு மட்டும்தான். ஆனால் புவியீர்ப்புக்கு எல்லை கிடையாது என்பதால் எண்களை எங்கே வேண்டுமானாலும் வைத்து அளக்கலாம்.

முதலில் நீளவாக்குச் சரிவு. 20 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற சரிவுவரை, அதாவது 5 சதவீதம்வரை, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இருக்கலாம். 12க்கு 1 என்றால் தொடர்ந்து 61 மீட்டர்வரை. 10க்கு 1 என்றால் 9 மீட்டர்தான். 8க்கு 1 என்றால் 3 மீட்டர்தான், அதற்கு மேல் செங்குத்து கூடவே கூடாது. 5 சதவீதத்தைத் தாண்டும் ஒவ்வொரு துண்டின் மேலும் கீழும் இளைப்பாற மட்டமான இடம் வேண்டும், அது குறைந்தது ஒன்றரை மீட்டர் நீளம். மொத்தப் பாதையில் 12க்கு 1ஐவிடச் செங்குத்தான பகுதி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இந்த எண்கள் தோளுக்கு என்ன செய்கின்றன என்று பார்த்தால் புரியும். ஆளும் நாற்காலியுமாக 100 கிலோ என்று வையுங்கள். 5 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டும் 5 கிலோ எடைக்குச் சமமாகப் பின்னால் இழுக்கும். 12 சதவீதத்தில் 12 கிலோ. தரை மென்மையாக இருந்தால் அதன் இழுப்பு தனி. அதோடு, கையால் தள்ளும் சக்கர வளையத்தை விட்டு அடுத்த பிடி பிடிக்கும் அந்த ஒரு நொடியில் நாற்காலி பின்னால் உருளப் பார்க்கும். அதைத் தடுக்கவும் அதே கைதான். இதனால்தான் செங்குத்தைவிட அது எவ்வளவு நீளம் போகிறது என்பது முக்கியம்.

சராசரிச் சரிவை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 400 மீட்டர் பாதையில் 8 மீட்டர் ஏற்றம், சராசரி 2 சதவீதம் என்பார்கள். கேட்க இனிமைதான். அந்த 8 மீட்டரில் 3 மீட்டர் ஒரே இடத்தில், 20 மீட்டர் தூரத்துக்குள் ஏறினால் அங்கே 15 சதவீதம். கைப்பேசியின் உயரக் கணக்கு இதைப் பிடிக்காது. மரக்கூரையின் கீழே அது சில மீட்டர் முன்பின் காட்டும்.

அளக்க 60 செ.மீ. ரசமட்டமும் ஓர் அளவுகோலும் போதும். ரசமட்டத்தைப் பாதையின் நீளவாக்கில் வைத்து, தாழ்ந்த முனையை மெல்லத் தூக்கிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். 3 செ.மீ. என்றால் 5 சதவீதம், 5 செ.மீ. என்றால் 12க்கு 1, 6 செ.மீ. என்றால் 10க்கு 1, ஏழரை செ.மீ. என்றால் 8க்கு 1. கண்ணுக்குச் செங்குத்தாகத் தெரியும் இடங்களில் மட்டும் அளக்காதீர்கள். காட்டில் கண் ஏமாற்றும், நீண்ட ஏற்றத்துக்குப் பின் வரும் மென்மையான ஏற்றம் சமதளம்போலவே தோன்றும்.

அதே ரசமட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி வைத்தால் குறுக்குச் சரிவு கிடைக்கும். பலரும் அளக்காமல் விடுவது இதைத்தான், ஆளைத் திருப்பி அனுப்புவதும் பல நேரம் இதுதான். மரப்பலகை, காங்கிரீட், தார்த் தளத்தில் 48க்கு 1வரை, அதாவது 60 செ.மீ. ரசமட்டத்தில் சுமார் 12 மி.மீ. மண், ஜல்லித் தளத்தில் தண்ணீர் வடிய வேண்டும் என்பதால் 20க்கு 1வரை விடுகிறார்கள், அதாவது 3 செ.மீ. கையால் தள்ளும் நாற்காலியில் எடையின் மையம் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது, முன்னால் இருப்பவை சுழலும் சின்னச் சக்கரங்கள். பாதை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முன்பகுதி தானாகப் பள்ளத்துப் பக்கம் திரும்பும். அதைத் தடுக்கப் பள்ளத்துப் பக்கக் கை விடாமல் தள்ள வேண்டும், மேட்டுப் பக்கக் கை பிரேக் போட வேண்டும். நூறு மீட்டர் இப்படிப் போனால் ஒரு தோள் மட்டும் எரியும். என்னைக் கேட்டால், 4 சதவீதக் குறுக்குச் சரிவோடு நீண்டு போகும் பாதையைவிட நேராக 6 சதவீதம் ஏறும் பாதை மேல்.

தரை உறுதியாக இருக்கிறதா என்பதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எடை வைத்தால் அமுங்குகிறதா? சக்கரம் திரும்பினால் அரைபட்டு நகர்கிறதா? இதை அளக்க ஒரு கருவியே இருக்கிறது. எடை ஏற்றிய சின்னச் சக்கரத்தைத் தரையில் அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, பிறகு இடமும் வலமுமாகத் திருப்பி மறுபடி பார்க்கும். அழுத்தத்தில் சுமார் 8 மி.மீ.க்குள்ளும் திருப்பிய பிறகு 13 மி.மீ.க்குள்ளும் இருந்தால் நல்ல தளம். கருவி இல்லாவிட்டால் முழு எடையையும் ஒரு குதிகாலில் போட்டு, அப்படியே கால் திருப்பிப் பாருங்கள். குதிகால் ஒரு விரல் தடிமனுக்கு இறங்கினால் அங்கே சின்னச் சக்கரம் உழ ஆரம்பித்துவிடும். காய்ந்த நாளில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். களிமண் கோடையில் காங்கிரீட், ஒரு மழைக்குப் பிறகு பிசின்.

கூழாங்கல் பரப்பிய பாதை பார்க்க அழகு, சக்கரத்துக்குச் சதி. உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் சக்கரத்தின் கீழே நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டியது உடைத்த, முனை கூர்மையான கல்: 10 மி.மீ.யும் அதற்குக் கீழே உள்ளதும், தூளோடு சேர்த்து. பலர் தவறுவது இந்தத் தூளில்தான். சலித்துக் கழுவிய சுத்தமான ஜல்லியை வரவழைப்பார்கள், இடைவெளியை நிரப்பத் தூள் இல்லாததால் அது ஒருநாளும் இறுகாது. ‘தூள் எடுக்காத ஜல்லி’ என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுப்பது நல்லது.

போடும் முறை இது. மண் மென்மையான இடத்தில் முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணையும் ஜல்லியையும் பிரித்து வைக்கும் துணி) விரியுங்கள், இல்லையென்றால் கீழே உள்ள சேறு ஜல்லியை விழுங்கிவிடும். அதன்மேல் 10 செ.மீ. பெரிய ஜல்லி, இறுக்கியபின் மேலே 7.5 செ.மீ. தூள் சேர்ந்த ஜல்லி. மேலடுக்கை ஈரமாக்கி அதிர்வுத் தட்டு இயந்திரம் ஓட்ட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, அதுதான் சரியான ஈரம். உலர்ந்த தூளை எவ்வளவு தட்டினாலும் மேலே மட்டும் மினுக்கும், முதல் மழையில் கரைந்து ஓடும். 100 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 7.5 செ.மீ. கனம் என்றால் இறுகிய அளவு பதினொன்றே கால் கன மீட்டர். தளர்வாக வரும் சரக்கு இறுகும்போது சுருங்கும் என்பதால் 14 கன மீட்டர் கேட்டு வாங்குங்கள். விளிம்பு சிதையாமல் இருக்க இரு பக்கமும் 15 செ.மீ. கூடுதலாக இறுக்கிவிடுங்கள்.

அகலம் குறைந்தபட்சம் 90 செ.மீ. என்கிறது விதி. அதில் நாற்காலி போகும், திரும்ப முடியாது, எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கவும் முடியாது. அதனால்தான் அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் 300 மீட்டருக்கு ஒருமுறை ஒன்றரைக்கு ஒன்றரை மீட்டர் ஒதுங்குமிடம் கேட்கிறார்கள். இது ஒதுங்கும் இடம் மட்டுமல்ல, திரும்பும் இடமும் அதுதான். மரம் விழுந்து கிடந்தால் கடைசி ஒதுங்குமிடம்வரை பின்னோக்கி உருள வேண்டும். செலவு கட்டுப்படி ஆனால் முழுக்க ஒன்றரை மீட்டரே போட்டுவிடுங்கள். கூட வருபவர் பின்னால் நின்று முதுகோடு பேசாமல் பக்கத்தில் நடந்து வரலாம்.

இனி வேர். மண், ஜல்லிப் பாதையில் 5 செ.மீ. உயரம்வரை தடை இருக்கலாம் என்று விதி விட்டுக்கொடுக்கிறது. தார், காங்கிரீட், பலகையில் அரை அங்குலம்தான், அதாவது 13 மி.மீ. இந்த 5 செ.மீ. எனக்கு உடன்பாடில்லாத எண். பல நாற்காலிகளின் முன் சக்கரம் 5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 12.5 செ.மீ. விட்டம். அதன் அச்சு தரையிலிருந்து 6 செ.மீ. சொச்சம் உயரத்தில்தான். 5 செ.மீ. வேர் ஏறக்குறைய அச்சுக்கே வந்து முட்டுகிறது. சக்கரம் ஏறாது, அப்படியே நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். முன் சக்கரம் 20 செ.மீ. உள்ள நாற்காலி அதே வேரைச் சிரமப்பட்டு ஏறிவிடும். ‘போகலாமா’ என்று கேட்பவரிடம் முதலில் முன் சக்கரத்தின் அளவைக் கேட்க வேண்டியது இதனால்தான்.

வேரை வெட்டி எறிவது சரியான தீர்வில்லை. மரம் பட்டுப்போகலாம், பிறகு பாதையின் மேலேயே சாயலாம். வேரின் மேல் துணி விரித்து, ஜல்லியால் இரு பக்கமும் மென்மையாகச் சரித்து, தளத்தையே மேலே தூக்கிவிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் குட்டைப் பலகைப் பாதை. வரிசையாக வேர்கள் இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 120 செ.மீ.யாவது விட்டிருக்க வேண்டும். முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் இன்னொன்றில் மாட்டினால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது.

தண்ணீர் வடிக்கப் பாதைக்குக் குறுக்கே கட்டை பதிப்பது மலைப்பாதைகளில் பழைய வழக்கம். சக்கர நாற்காலிப் பாதையில் அது கூடாது. அதற்குப் பதில் பாதையே ஓர் இடத்தில் மெல்ல இறங்கி மறுபடி மெல்ல ஏறும்படி அமைத்து, தாழ்ந்த இடத்தில் தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் வெளியேற்றலாம். இறக்கம் சட்டென்று ஏற்றமாக மாறினால் வேறு சிக்கல் வரும். தரையை ஒட்டி இருக்கும் கால் தாங்கி எதிர் ஏற்றத்தில் குத்தும். அல்லது பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் முதலில் தரை தொட்டு, பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். மின் நாற்காலி இப்படி நிற்பதைப் பார்ப்பவர்கள் பேட்டரி போய்விட்டது என்று நினைப்பார்கள். தாழ்ந்த இடத்தில் ஒன்றேகால் மீட்டராவது மட்டமாக விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சதுப்பிலும் ஓடைக்கரையிலும் பலகைப் பாதைதான் வழி. பலகைகள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், இடைவெளி 13 மி.மீ.க்குள். ஈர மரம் காயும்போது சுருங்கும். பச்சை மரத்தில் 10 மி.மீ. விட்டுப் போட்டால் ஒரு கோடைக்குப் பிறகு அளவு தாண்டிவிடும், நெருக்கமாகவே போடுங்கள். ஆணி வேண்டாம், திருகு போடுங்கள். ஆணி மேலே எழும்பி டயரைக் கிழிக்கும். ஓரத்தில் 75 மி.மீ. உயரத்துக்காவது விளிம்புக் கட்டை இருந்தால் சக்கரம் வெளியே இறங்காது. நிழலில் பாசி பிடிக்கும், ஈரத்தில் ரப்பர் வழுக்கும், குறிப்பாகச் சரிந்த பலகைகளில். சொரசொரப்புப் பட்டை ஒட்டினாலும் துடைப்பது நின்றால் பட்டை மேலேயும் பாசிதான்.

பலகைப் பாதையில் பழுதாகும் முதல் இடம் பலகை அல்ல, பலகையும் மண்ணும் சேரும் இடம். பலகை தூணில் நிற்கிறது, மண் அமுங்குகிறது. கட்டி முடித்த அன்று சமமாக இருந்தது ஓர் ஆண்டில் 4, 5 செ.மீ. படியாகிவிடும். அந்த ஒரு மீட்டரை மற்ற இடத்தைவிட ஆழமாகத் தோண்டி, அடுக்கடுக்காக இறுக்கிக் கொடுத்தால் தாங்கும். பிறகும் ஆண்டுக்கு இருமுறை இரண்டு சட்டி ஜல்லி போட்டு இடிக்க வேண்டியிருக்கும்.

பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசலில் இருக்கும் கதவு கெடுத்துவிடலாம். மோட்டார் சைக்கிளைத் தடுக்க வளைந்து நெளிந்து போகும் இரும்புத் தடுப்பு வைப்பார்கள். சாதாரண நாற்காலி எப்படியோ நுழையும், கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி நீளமாக இருப்பதால் நுழையாது. தடுப்புக்கு இடையே 90 செ.மீ. தெளிவாக வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் நேராக நிற்க மட்டமான இடமும் வேண்டும். நடைபாதை வாசல்களுக்கான பிரிட்டனின் பிஎஸ் 5709 தரநிலையின் வரிசை எனக்குப் பிடிக்கும்: திறந்த இடைவெளி போதுமென்றால் அதுவே, போதாவிட்டால் கதவு, வேலியைத் தாண்டிச் செல்லும் படி கடைசியில்.

காட்சி மேடையில் கம்பித் தடுப்பு சரியாகக் கண் மட்டத்தில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. தரையிலிருந்து 81 செ.மீ. முதல் 129 செ.மீ. வரை ஓர் இடத்திலாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். இருக்கையின் பக்கத்தில் நாற்காலி நிற்க 90க்கு 120 செ.மீ. இடம் விடுங்கள், பாதையில் நிறுத்தி வழி மறிக்க வேண்டியிருக்காது. கழிப்பறை, வண்டி நிறுத்தம் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கட்டடங்களுக்கான விதிகளே அங்கும் பொருந்தும்.

பாதையின் தொடக்கத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அமெரிக்க விதி ஐந்து தகவல் கேட்கிறது: மொத்த நீளம், தளத்தின் வகை, வழக்கமான அகலமும் குறைந்தபட்ச அகலமும், வழக்கமான நீளச் சரிவும் அதிகபட்சமும், குறுக்குச் சரிவிலும் அதே இரண்டு. நான் ஆறாவதாக ஒன்று சேர்ப்பேன்: மோசமான இடத்தின் புகைப்படம், அதில் அளவு நாடா விரித்து வைத்து, தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மீட்டர் என்று எழுதி. படிப்பவரின் உடலும் வண்டியும் எதைத் தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். முடிவை அவரிடம் விட வேண்டும், நாம் தர வேண்டியது எண்.

வண்டிப் பக்கம் வருவோம். பெரும்பாலான காட்டுப் பாதைகளுக்குப் புது நாற்காலி வேண்டியதில்லை. கால் தாங்கியில் மாட்டும் ஒற்றை முன்சக்கரம் ஒன்று போதும். அது சின்னச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது, ஜல்லியும் சின்ன வேரும் பிறகு பிரச்சினையே இல்லை. ஆனால் மடக்கும் நாற்காலிகளில் கால் தாங்கி இரண்டாகப் பிரிந்திருக்கும், அதற்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நெம்புகோல் தள்ளி ஓட்டும் மூன்று சக்கர நாற்காலிகள் கரடுமுரடுக்கு நல்லவை. சாதாரண நாற்காலி போகவே முடியாத இடத்துக்குப் பிரான்சில் பிறந்த ஜோலெட் என்ற ஒற்றைச் சக்கர நாற்காலி உண்டு, முன்னும் பின்னும் ஆள் பிடித்து நடத்திச் செல்வது. டாங்கிபோலப் பட்டையில் ஓடும் மின் நாற்காலியைக் கொலராடோவின் ஸ்டான்டன் மாநிலப் பூங்காபோல வருபவர்களுக்குக் கொடுத்து உதவும் இடங்களும் இருக்கின்றன. அவை கனமானவை, அகலமும் கூடுதல், எல்லாப் பலகைப் பாதையும் தாங்காது. மின் நாற்காலிக்கு அனுமதி உண்டா என்று சிலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் மோட்டார் வண்டியே கூடாத பாதுகாக்கப்பட்ட வனப்பரப்பிலும், கட்டடத்துக்குள் ஓட்டத் தகுந்த சக்கர நாற்காலிக்கு 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே இடம் கொடுக்கிறது.

கிளம்புபவருக்குச் சில. பையை முதுகுப்பக்கக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள், ஏற்றத்தில் நாற்காலி பின்னால் கவிழும். இருக்கைக்குக் கீழே வையுங்கள். தோல் கையுறை, காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், ஆலன் சாவிகள் கட்டாயம். வேர் தாண்டும் இடத்தில் பின்சாயாமல் தடுக்கும் சக்கரத்தை மேலே மடக்கினால், தாண்டியதும் மறக்காமல் இறக்கிவிடுங்கள். துணைக்கு வருபவர் செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைப் பின்பக்கமாக, தன் உடல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி இறக்க வேண்டும். முதுகுத்தண்டு மேற்பகுதியில் காயப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே பெரும்பாலும் வியர்வை சரியாகச் சுரக்காது, உடல் சூடு சட்டென்று ஏறும். குடிக்கும் தண்ணீர் தவிர முகத்திலும் கையிலும் தெளிக்கத் தனியாக ஒரு பாட்டில் வேண்டும். குலுங்கும் பாதையில் இருக்கை அழுத்தமும் கூடும், அரை மணிக்கு ஒருமுறையாவது எடையை மாற்றி உட்கார வேண்டும்.

பேட்டரியில் காட்டும் தூரம் கெட்டித் தளத்துக்கானது. ஜல்லியிலும் ஏற்றத்திலும் அது வேகமாகக் குறையும். இறக்கத்தில் தொடங்கும் பாதை என்றால் திரும்பி வருவது முழுக்க ஏற்றம். ஆகவே பாதி இருக்கும்போது அல்ல, மூன்றில் இரண்டு பங்கு மீதம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.